இரண்டு நீல வெளிச்சங்கள்



இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினெட்டு வருடங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். கரும்பலகையில் வானவில்லின் ஏழு நிறங்களையும் எழுதி, ஊதா நிறத்துக்கு அப்பால் ஒரு கோடு இழுத்து, "கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிருக்குக் கழியூதாக் கதிர் என்று பெயர், இந்தியாவிலே புற ஊதாக் கதிர் என்பார்கள்" என்று எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே அந்தக் கதிரைக் கையில் பிடித்து என் உம்மாவின் கையையும் கண்ணையும் சுட்டேன். அல்லாஹ் காப்பாற்றினான், இல்லாவிட்டால் தொட்டிலில் கிடந்த பேத்தியையும் சுட்டிருப்பேன். இந்தத் தவறை நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எமது கரையோர ஊர்களில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். நவம்பர்க் கடைசியில் அக்கரைப்பற்றில் கொரோனா பரவத் தொடங்கியது. பின்னர் டிசம்பர்க் கடைசியில் கல்முனையிலும் சில கிராம சேவகர் பிரிவுகள் மூடப்பட்டன. நோயைவிட எங்களை அதிகம் வாட்டியது வேறொரு பயம். அந்த நோயால் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் மார்ச் மாதக் கடைசியிலிருந்தே எரிக்கப்பட்டு வந்தன. பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்ட செய்தியும் அந்த டிசம்பரில்தான் வந்தது. 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் அடக்குவதற்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. அதுவரைக்கும், காய்ச்சல் என்று வாய் திறந்து சொல்வதற்கே எம்மவர்கள் அஞ்சினார்கள்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை. என் மகளுக்குப் பிறந்த முதற்பிள்ளை. அன்றைக்குப் பன்னிரண்டு நாள். பிறந்த மூன்றாம் நாளிலே கண்ணும் மேனியும் மஞ்சளாகி, வைத்தியசாலையில் இரண்டு நாட்கள் நீல வெளிச்சத்தின் கீழே கிடந்து சுகமாகி வந்த பிள்ளை. இரவில் நான்கைந்து தடவை எழுந்து அதன் மூச்சைப் பார்ப்பேன். யார் வீட்டுப் படலையைத் திறந்தாலும் எனக்கு நெஞ்சு பதறும்.

இதைப் பார்த்துத்தான் மருமகன் கொழும்பிலிருந்து ஒரு விளக்கை வரவழைத்தார். டோர்ச் லைட் அளவு நீளம், மின்சாரத்தில் எரிவது. கிருமிகள் எல்லாவற்றையும் ஒரு நொடியில் கொன்றுவிடும் என்று பெட்டியிலே எழுதியிருந்தது. ஒருவர் தன் உள்ளங்கை மேலே அதைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போலப் படமும் இருந்தது. எரித்துப் பார்த்தேன். மெல்லிய நீல வெளிச்சம், ஊதா கலந்தது போல. வெயிலில் காய்ந்த புடவையைப் போல ஒரு வாசமும் வந்தது.

உம்மா எட்டிப் பார்த்தா. "ஆசுப்பத்திரியில புள்ளைய வெச்சாங்களே, அதே வெளிச்சந்தானே மகள் இது?" என்று கேட்டா.

"ஓம் உம்மா, அதே மாதிரித்தான்" என்றேன்.

சகோதரிகளே, என் வாழ்நாளில் நான் சொன்ன பிழையான பதில்களிலே இதுதான் பெரியது.

அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லோருடைய கைக்கும் அந்த விளக்கைப் பிடித்தேன். உள்ளங்கைக்கு இரண்டு நிமிடம், புறங்கைக்கு இரண்டு நிமிடம். பிள்ளையை அதிகம் தூக்குகிறவ உம்மாதான். அதனால் உம்மாவுக்கு மட்டும் ஆறு தடவை. உம்மாவுக்கு அந்த நிறம் பிடித்துப்போயிற்று. முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தா. நாளைக்குத் தொட்டிலுக்கு மேலேயும் கொஞ்ச நேரம் பிடிப்போம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

இரவு பத்து மணியிருக்கும். "மகள், கண்ணுக்குள்ள கடக்கரை மண்ண அள்ளிக் கொட்டினாப்போல இரிக்கி" என்று உம்மா எழும்பி உட்கார்ந்தா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கண்ணைத் திறந்தால் நீர் கொட்டுகிறது, மூடினால் உறுத்துகிறது, விளக்கைப் போட்டால் ஊசி குத்துவது போல் வலி. உம்மாவின் புறங்கை இரண்டும் சிவந்து நெருப்பாய்ச் சுட்டன. அடுத்த வளவுச் சாச்சி வேலிக்கு மறுபக்கம் நின்றே, "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க" என்றா. வைத்தியசாலைக்குப் போவோம் என்றேன். உம்மா சம்மதிக்கவில்லை. "அங்க போனா மூக்குக்குள்ள குச்சி விடுவாங்க. நான் மௌத்தாப் போனாலும் இந்த வீட்டுலதான்" என்று அழுதா. கண் எரிச்சலில் வந்த கண்ணீரா, பயத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

சுபஹுக்குப் பிறகு, எங்கள் தெருவிலேயே இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவர், இளம் வைத்தியர், முகக்கவசத்தோடு வந்து விறாந்தையில் நின்று பார்த்தார். பார்த்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி: "மாமி, வீட்டுல யாராவது வெல்டிங் வேலை செய்யிறாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு விளக்கை எடுத்து வந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. படியிலே உட்கார்ந்துகொண்டு, "இத புள்ளைக்கும் புடிச்சீங்களா?" என்றார்.

"இல்ல மகன். இண்டைக்குப் புடிக்க இருந்தோம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்போதுதான் என் கை நடுங்கத் தொடங்கியது.

வெல்டிங் செய்பவர்கள் கண்ணாடி போடாமல் வேலை செய்தால் இரவில் இதே மாதிரிக் கண் எரியும். கழியூதாக் கதிர் கண்ணின் முன்படலத்தைச் சுட்டுவிடுவதுதான் காரணம் என்று விளங்கப்படுத்தினார். படும்போது எதுவும் தெரியாது. ஆறேழு மணித்தியாலம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். கண்ணைக் கசக்காமல் இருட்டறையில் இருக்கச் சொன்னார். கண்ணை ஈரமாக வைத்திருக்கும் துளிமருந்தும் வலிக்கு மாத்திரையும் தந்தார். தாய்ப்பாலோ வேறெதுவோ கண்ணில் விடவேண்டாம், சுட்ட படலத்தில் கிருமி சேர்ந்துவிடும் என்றார். இரண்டு நாளில் எங்கள் கண்கள் தெளிந்தன. உம்மாவின் புறங்கைத் தோல் ஒரு கிழமைக்குப் பிறகு மெல்லிய தாளைப் போல உரிந்து வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொட்டில்தான் ஞாபகம் வந்தது.

நிறம் ஒன்று, கதிர் வேறு

கண் தெளிந்த பிறகு பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். நான் எங்கே பிழைவிட்டேன் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரை. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. மஞ்சள் கண்ட குழந்தைக்கு வைத்தியசாலையில் பயன்படுத்துவது 460 முதல் 490 வரையிலான நீல ஒளி. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியே; கழியூதா அல்ல. இரத்தத்தில் கூடிப்போன மஞ்சட் பொருளை உடல் கழித்துவிடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதே அதன் வேலை. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வைத்தியம் பிறந்த கதையும் அழகானது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில் ஜே. வார்ட் என்ற தாதி, குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெளிச்சம் பட்ட இடம் வெளிறியும் இருப்பதை அவர் கண்டு வைத்தியர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து ஆராய்ந்து 1958இல் கிரீமரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒளிச் சிகிச்சையை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் கூர்மையான பார்வை இன்றைக்கு உலகமெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த விளக்கு வேறு. கிருமிகொல்லி விளக்குகளில் பெரும்பாலானவை இரசவாவியில் எரிபவை. அவற்றின் முக்கிய கதிர் 254 நனோமீற்றர். அது கண்ணுக்குத் தெரியாது. கூடவே கசிகின்ற கொஞ்ச நீலத்தைத்தான் நாம் காண்கிறோம். நிறத்தைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்தது, வெள்ளையாக இருப்பதால் உப்பும் சீனியும் ஒன்று என்று நினைத்தது போலாயிற்று. இன்னொன்றையும் அப்போது யோசித்தேன். பாதிப்பில்லாத நீல வெளிச்சத்தில் வைக்கும்போதே வைத்தியசாலையில் பிள்ளையின் கண்ணை மூடித்தான் வைத்தார்கள். நாங்களோ, அதைவிடப் பல மடங்கு பொல்லாததைக் கண்ணைத் திறந்து அழகு பார்த்தோம்.

கழியூதாக் கதிரை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 வரை ஏ வகை. 280 முதல் 315 வரை பி வகை. 100 முதல் 280 வரை சி வகை. சூரியனிலிருந்து மூன்றுமே புறப்படுகின்றன. ஆனால், சி வகை முழுவதையும், பி வகையில் பெரும்பங்கையும் மேலே ஓசோன் படை தடுத்துவிடுகிறது. ஆகவே நிலத்தில் வாழும் மனிதத் தோலுக்குச் சி வகைக் கதிரோடு பழக்கமே இல்லை. வானம் எங்களுக்கு வராமல் தடுத்து வைத்திருப்பதை நாம் காசு கொடுத்து வாங்கிக் கையில் பிடிக்கிறோம்.

கிருமியை எப்படிக் கொல்கிறது?

ஊதாவுக்கு அப்பால் ஒரு கதிர் உண்டு என்று 1801இல் கண்டவர் ஜேர்மனியரான ரிட்டர். சூரிய ஒளி கிருமியைக் கொல்லும் என்பதை 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள். பற்றீரியா வளரக்கூடிய கரைசலைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, சிலவற்றை வெயிலில் அப்படியே வைத்தார்கள். சிலவற்றை ஈயத் தகட்டால் மூடி வைத்தார்கள். மூடியவை கலங்கிப்போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன.

காரணம் இதுதான். ஒவ்வோர் உயிர்க் கலத்துக்குள்ளும் டீ.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. மருதமுனைத் தறியில் சாரம் நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். பாவு நூலில் பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் நாடா ஓடாது, கோலம் குழம்பிவிடும். கழியூதாக் கதிரும் டீ.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளை ஒட்ட வைத்துவிடுகிறது. கிருமியால் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்க முடியாமல் போகிறது. அப்படியே முடிந்துவிடுகிறது.

ஆனால், அந்த இழை எங்கள் தோலின் கலங்களிலும் இருக்கிறதே! கதிருக்கு "இது கிருமி, இது உம்மாவின் கை" என்று தெரியாது. கிருமியைக் கொல்லும் அதே வேலையைத்தான் அது தோலிலும் செய்கிறது. சிவப்பதும் உரிவதும் அதன் அடையாளம். காயம்பட்ட கலங்களிற் பலவற்றை உடல் பழுதுபார்த்துவிடும், அல்லது உதிர்த்துவிடும். பழுது பார்க்கப்படாமல் தப்பியவை பல வருடங்கள் சென்று புற்றாக மாறக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2009இல் கழியூதாக் கதிர்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. கறுத்த தோலுக்கு இயற்கையான காவல் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. அது காவல்தான், கவசமல்ல. உம்மாவின் கை அதற்குச் சாட்சி.

"ஒளியால் தோல் நோயைச் சுகப்படுத்தி நோபல் பரிசு வாங்கியவரும் இருக்கிறாரே" என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். உண்மைதான். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன், தோலிலே வரும் கசநோயை ஒளியைக் குவித்துக் குணப்படுத்தியதற்காக 1903இல் அந்தப் பரிசைப் பெற்றார். ஆனால், அவர் பட்டபாடு கொஞ்சமல்ல. ஒளியின் சூட்டைத் தண்ணீரால் குளிரவைத்து, நோயுள்ள சிறிய இடத்தில் மட்டும், தாதியரின் கண்காணிப்பில், அளந்து அளந்து கொடுத்தார். பின்னாளில் அவருடைய வில்லைகளைச் சோதித்தவர்கள், கிருமியை நேராகக் கொல்லும் குறுகிய கதிர்கள் அவற்றைத் தாண்டவேயில்லை, நீள அலைக் கதிர்களே வேறு வழியில் வேலை செய்தன என்று கண்டார்கள். இன்றும் சில தோல் நோய்களுக்கு வைத்தியசாலைகளில் பி வகையில் 311 நனோமீற்றர்க் கதிரை அளவோடு கொடுக்கிறார்கள். அது கிருமி கொல்வதற்கல்ல. தோல் வைத்திய நிபுணர் நிமிடக் கணக்கில் எழுதிக் கொடுக்கும் மருந்து. பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்து நாமே பிடித்துக்கொள்வது மருந்தல்ல.

கிருமிகொல்லி விளக்கை அறிந்து பயன்படுத்தியவர்கள் அதை மனிதர்மீது திருப்பவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாப் பக்கத்துப் பாடசாலைகளில் 1937 முதல் 1941 வரை வெல்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், சின்னமுத்து பரவுவதைக் குறைக்க வகுப்பறைகளில் இந்த விளக்குகளைப் பூட்டினார்கள். எங்கே பூட்டினார்கள் தெரியுமா? பிள்ளைகளின் தலைக்கு மேலே, கதிர் கூரைப் பக்கம் மட்டும் படும்படி. மேலே போகும் காற்று சுத்தமாகிக் கீழே வரும். பிள்ளைகளில் கதிர் படாது. சத்திரசிகிச்சைக் கூடம் போன்ற இடங்களிலும் ஆள் இல்லாத நேரத்தில்தான் எரிப்பார்கள். சில வீடுகளிலுள்ள தண்ணீர் வடிகட்டியிலும் இந்த விளக்கு உண்டு. அது மூடிய குழாய்க்குள்ளே இருக்கிறது. அதன் சரியான இடம் அதுதான்.

கையிலே பிடிப்பதால் பயனாவது உண்டா என்றால், அதுவும் குறைவு. ஒளி நேரே பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். நிழலில் ஒளிந்த கிருமி தப்பிவிடும். நகத்தின் அடியில், மோதிரத்துக்குக் கீழே, விரல் இடுக்கில், ரேகைக்குள்ளே, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஒளி போவதில்லை. சவர்க்காரமோ அங்கெல்லாம் போகிறது. கொரோனா வைரசின் மேலுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைக் கரைத்துக் கிருமியை உடைத்துவிடும். இருபது விநாடிகள் தேய்த்துக் கழுவினால் போதும். நாளுக்கு ஐந்து தடவை தண்ணீரோடு நிற்கும் எங்களுக்கு இதை ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா? கையை விளக்கால் சுத்தம் செய்யவேண்டாம் என்று 2020இலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. கையில் பிடிக்கும் இவ்வகை விளக்குகள் சில, தோலையும் கண்ணையும் நொடிகளில் சுடுமளவு கதிர் விடுகின்றன என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. மலிவாக விற்பவற்றில் சில வெறும் நீலக் குமிழ்கள். அவை எதையும் கொல்லாது. ஆக, பொய்யான விளக்கு பொய்யான தைரியத்தைத் தரும். மெய்யான விளக்கு சுடும். இரண்டுமே எமது கைக்கு ஆகாது.

222 நனோமீற்றர்க் கதிர் என்று ஒரு புதிய வகை பற்றியும் பேசுகிறார்கள். அது தோலின் மேலுள்ள இறந்த படையிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுவதால் ஆழத்திலுள்ள உயிர்க் கலங்களை அதிகம் தொடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதிலும் பொல்லாத நீள அலைகளைத் தடுக்கும் வடி பொருத்தியிருக்க வேண்டும். அளவுக்கு எல்லை வேண்டும். அறையின் காற்றைச் சுத்தமாக்கவே அதை ஆராய்கிறார்கள், கையில் தேய்ப்பதற்கல்ல.

உம்மாவின் வெயில்

நான் படித்த கதையை எல்லாம் உம்மாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் தலகணி காயப்போடுறதும் பிழையா?" என்றா.

இல்லை. அதுதான் சரி. உம்மா எழுபது வருடமாகச் செய்துவருவதில் விளக்குக்காரர்கள் சொல்லாத ஒரு புத்தி இருக்கிறது. வெயிலுக்குப் பொருளைக் கொடு. ஆளை நிழலில் வை. மெத்தை, தலையணை, பாய், பிள்ளையின் துணி எல்லாம் முற்றத்து வெயிலில் கிடக்கும். உம்மா மாமர நிழலில் இருப்பா. வெயிலின் கழியூதாவும், சூடும், ஈரம் வற்றுவதும் சேர்ந்து கிருமியையும் தூசுச் சிற்றுண்ணியையும் குறைக்கின்றன. இரண்டு பக்கமும் புரட்டிப் போடவேண்டும்; ஒளி படாத பக்கம் காயாது, சாகாது. ஆனால் வாடியில் காயும் கருவாட்டைக் கெடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் உப்பும் ஈரமின்மையும்தான். அந்தப் பெருமையை ஒளிக்கு மட்டும் கொடுக்க முடியாது.

தண்ணீருக்கும் வெயில் உதவும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எங்கள் மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கிணறெல்லாம் உப்பாகி, முகாமில் ஒரு போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஃப்திம் அக்ரா என்பவர் 1980 அளவிலேயே ஒரு வழியைக் காட்டியிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீரை, நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி மூடி, நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்கவைத்தால், வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகளிற் பெரும்பாலானவை செத்துவிடும். முகில் மூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வேண்டும். போத்தல் இரண்டு லீற்றருக்கு மேற்படக் கூடாது. கலங்கல் தண்ணீர் உதவாது. உப்பையும் இரசாயனத்தையும் வெயில் எடுக்காது. கொதிக்க வைக்க விறகோ வாயுவோ இல்லாத நாளில் இதை நினைவில் வையுங்கள். வெள்ளமும் கடலும் எங்களுக்குப் புதிதல்ல.

பிள்ளைக்கும் எமக்கும்

பிறந்த பிள்ளையை வெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்பது எமது ஊர்களில் இன்றும் நடக்கும் வழக்கம். வார்ட் தாதியின் கதை அதில் ஓர் உண்மை இருப்பதைக் காட்டுகிறது. ஆனால், வெயிலில் நீலத்தோடு கழியூதாவும் வருகிறது. பிள்ளையின் மெல்லிய தோல் சுட்டுவிடும். எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்று அளக்கவும் வழியில்லை. பிள்ளை கால், பாதம் வரை மஞ்சளாகி, பாலுக்கு எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் வெயிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்த மஞ்சள் மூளையில் ஏறினால் திரும்பாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆறு மாதம் வரை பிள்ளையை நேர் வெயிலில் வைக்காமலிருப்பதே நல்லது.

எமக்கு வெயில் வேண்டாமா? வேண்டும். எலும்புக்கு அவசியமான விற்றமின் டியைத் தோல் உண்டாக்குவது பி வகைக் கதிராலேதான். யன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். ஆகவே உள்ளே இருந்து வெளிச்சம் வாங்கினால் போதாது. முழுக்க உடுத்து வெளியே போய் வருவதாலும் போதிய அளவு கிடைக்காது. வேலி மறைத்த எமது வளவிலே, முழங்கை வரை வெயில் படக் கொஞ்ச நிமிடங்கள் துணி காயப்போடுவது பயனுள்ளது. தோல் சிவக்கும்வரை நிற்கவேண்டியதில்லை. ஓர் எளிய அளவு சொல்கிறேன்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் கழியூதா கடுமையாக இருக்கிறது, அப்போது சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி, எலும்பு நோவு, தொடர்ந்த களைப்பு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுக்கலாம். வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கடலுக்குப் போகும் எமது ஆண்களையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் செசபீக் குடாவின் 838 மீனவர்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பி வகைக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒருவகைக் கண்புரை அதிகமாக வந்திருந்தது. தொப்பியும் கண்ணாடியும் போட்டவர்களின் கண்ணில் விழுந்த கதிர் மிகக் குறைவு. கரைவலை இழுக்கும் காக்காமாருக்கும் மகன்மாருக்கும் அகன்ற தொப்பி ஒன்று வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல.

கடைசியாக அந்த விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்குள் இரசம் இருப்பதால் உடைத்து எறியக் கூடாது. குப்பையில் போட்டால் வேறொரு பிள்ளை எடுக்கும். வயரைக் கழற்றி, பெட்டியிலிட்டு, உயரத்தில் வைத்தேன். மருமகன் தலை குனிந்து நின்றார். "நீங்க அன்பாலதான் வாங்கினீங்க மகன். படிச்ச நாந்தான் யோசிக்காமப் புடிச்சன்" என்றேன். பயம் வந்தால் படிப்பு மறந்துவிடுகிறது, சகோதரிகளே. அன்றைக்கு எங்கள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனாலும் பயந்த நேரத்தில்தான், ஒரு பொருளைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுபோகுமுன் "இது என்ன, எதைச் செய்யும்?" என்று ஒரு தடவை கேட்கவேண்டியிருக்கிறது.

பேத்தி இப்போது ஓடித் திரிகிறாள். உம்மாவின் கையிலும் அடையாளம் ஒன்றுமில்லை. ஆனால், யாராவது வெளிநாட்டிலிருந்து புதுச் சாமான் ஏதும் கொண்டுவந்தால், உம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறா:

"மகள், இது எந்த நீலம்?"